உயிரொலி மெய்யொலியாக மாறுவது எப்படி?

செங்காந்தள் (கேள்வி):

உயிரும் மெய்யும் வெவ்வேறு இனங்கள் என்றே பள்ளியில் நாம் படித்தோம். உயிர் தானே இயங்கும் என்றும், மெய் உயிரின் துணையின்றி இயங்காது என்றும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் லத்தீன மொழியிலிருந்து ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகியவை கிளைத்த முறையைப் பற்றி அண்மையில் படித்தபோது இந்தப் பகுப்பே ஆட்டம் காண்கிறது. மகளைக் குறிக்கும் ‘ஃபீலியா’ என்ற லத்தீனச் சொல் ஸ்பானியத்தில் ‘ஈஹா’ ஆயிற்று என்றும், அந்த ஹகரம் தோன்றக் காரணம் பழைய சொல்லின் நடுவில் இருந்த இகரமே என்றும் எழுதியிருந்தார்கள். ஓர் உயிர் எந்தப் படிகளைக் கடந்து மெய்யாகிறது? எல்லா உயிர்களுக்கும் இது நேருமா, அல்லது இகர உகரங்களுக்கு மட்டுமா? நம்முடைய உடம்படுமெய்யும் இதே வகையைச் சேர்ந்ததுதானா? ஒலியியல் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பொருநை:

‘உயிர்’, ‘மெய்’ என்ற பெயர்களுக்குள் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. ஓர் ஒலி வாயில் எவ்வாறு பிறக்கிறது என்பது ஒன்று. அந்த ஒலி அசையின் தலைமையாக நிற்கிறதா, தலைமைக்குப் பக்கத்துணையாக நிற்கிறதா என்பது மற்றொன்று. இகரத்துக்கும் யகரத்துக்கும் பிறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ‘இ… அ’ என்று இடைவெளி விட்டுச் சொல்லிப் பார்த்து, பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போய் ஒரே மூச்சில் விரைவாகச் சொல்லுங்கள்; வாயில் ‘ய’ நிற்கும். அவ்வாறே ‘உ… அ’ என்பதை விரைந்து சொன்னால், இரு இதழ்களும் குவிந்து பிறக்கும் வகரம் கிடைக்கும். நா இருக்கும் இடம் மாறவில்லை. முன்பு தனி அசையாக இருந்தது, இப்போது அடுத்த அசையின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மாற்றத்தின் முதற்படி இவ்வளவுதான்: உயிர் முதலில் இழப்பது தன் அசையை.

எல்லா உயிர்களுக்கும் இது ஏன் நேர்வதில்லை என்பதற்குத் தொல்காப்பியப் பிறப்பியலே விடை தருகிறது. அகர ஆகாரங்கள் ‘அங்காந்து இயலும்’ என்றும், இகர வரிசைக்கு ‘அண்பல் முதல்நா விளிம்புறல்’ உண்டு என்றும், உகர வரிசை ‘இதழ் குவிந்து இயலும்’ என்றும் அது கூறுகிறது. மெய் என்றால் காற்றின் வழியில் ஏதேனும் ஒரு தடை வேண்டும். வாயைத் திறந்து சொல்லும் அகரத்தில் அந்தத் தடை இல்லை. இகரத்தில் நா ஏற்கெனவே அண்ணத்தை நெருங்கியிருக்கிறது. உகரத்தில் இதழ்கள் ஏற்கெனவே குறுகியிருக்கின்றன. இன்னும் சற்று நெருங்கினால் போதும், காற்று உரசத் தொடங்கிவிடும். எகர ஒகரங்கள் பெரும்பாலும் முதலில் இகர உகரங்களாகக் குறுகி, அதன் பிறகே இந்த வழியில் செல்கின்றன.

லத்தீனத்தில் முதற்படி நிகழ்ந்ததற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. ‘அப்பெண்டிக்ஸ் ப்ரோபி’ என்று அழைக்கப்படும் பழைய பட்டியல் ஒன்று, மக்கள் பிழையாகச் சொல்லும் அல்லது எழுதும் 200க்கும் மேற்பட்ட சொற்களை ‘இப்படிச் சொல்க, அப்படிச் சொல்லற்க’ என்ற முறையில் திருத்துகிறது. அதில் திராட்சைத் தோட்டத்தைக் குறிக்க ‘வினேஆ என்க, வினியா என்னற்க’ என்றும், கூண்டைக் குறிக்க ‘கவேஆ என்க, கவியா என்னற்க’ என்றும் வருகிறது. ஆசிரியர் ஒருவர் திருத்த வேண்டிய அளவுக்கு வழக்கு மாறிவிட்டது என்பது இதனால் தெரிகிறது. (இலக்கணம் கற்பிப்பவரின் எரிச்சல் பிற்கால ஆய்வாளருக்குப் புதையலாகிவிடுகிறது.) இதற்கு முன்பே வெர்கில் முதலிய கவிஞர்கள் யாப்பின் தேவைக்காக ‘அ-பி-எ-தெ’ என்ற நான்கு அசைச் சொல்லை ‘அப்-யெ-தெ’ என மூன்றாகவும், முழங்கால்களைக் குறிக்கும் ‘கெ-னு-அ’ என்பதை ‘கென்-வ’ என இரண்டாகவும் ஆண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் படி, அவ்வாறு தோன்றிய யகரம் இறுகுவது. ‘ஃபீலியா’ முதலில் ‘ஃபீல்யா’ ஆயிற்று. பிறகு ல், ய் இரண்டும் கலந்து, நாவின் நடுப்பகுதி அண்ணத்தில் படும் ஒற்றை லகரமாயிற்று. இத்தாலியமும் போர்த்துகீசியமும் இன்றும் அந்த நிலையிலேயே இருக்கின்றன. காஸ்திலிய ஸ்பானியத்தில் அது மேலும் நகர்ந்து ஒலிப்புடைய (குரல்நாண் அதிரப் பிறக்கும்) உரசொலியாகி, பிறகு ஷகரமாகி, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தொண்டையை நோக்கிப் பின்வாங்கி இன்றைய ஹகரமாக நின்றது. பிரெஞ்சிலோ, அதே லகரம் நெகிழ்ந்து மீண்டும் யகரமாகவே திரும்பிவிட்டது. ஒரே இகரம் ஒரு மொழியில் தொண்டைக்குப் போய்விட்டது, இன்னொரு மொழியில் சுற்றிவிட்டு வீடு திரும்பியது.

‘கவியா’ என்ற கூண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு ‘கேஜ்’ என்று வந்தது. வெறியைக் குறித்த ‘ரபியா’ அவ்வாறே ‘ரேஜ்’ ஆயிற்று. பழைய பிரெஞ்சில் இந்த ஜகரம் நாம் சொல்வதைப் போல அழுத்தமாக இருந்த காலத்திலேயே ஆங்கிலம் இவற்றைக் கடன் வாங்கியதால், பிரெஞ்சு பின்னர் அதை மென்மையாக்கிக்கொண்ட போதிலும் ஆங்கிலத்தில் பழைய ஒலி தங்கிவிட்டது. ஜனவரி மாதத்தின் பிரெஞ்சுப் பெயரான ‘ஜான்வியே’யில் இரண்டு மாற்றங்களும் சேர்ந்தே காணக்கிடைக்கின்றன. லத்தீன ‘யானுஆரியுஸ்’ என்பதன் முதல் யகரம் ஜகரமாயிற்று. நடுவில் தனி அசையாக இருந்த உகரம் வகரமாயிற்று.

நாம் நாள்தோறும் சொல்லும் ‘நேஷன்’, ‘ஸ்பெஷல்’ போன்ற சொற்களிலும் இதே கதைதான். எழுத்தில் இகரம் இன்னும் இருக்கிறது, வாயில் அது ஷகரத்துக்குள் கரைந்துவிட்டது. ‘சோல்ஜர்’ என்பதில் எழுத்துப்படி டகரமும் இகரமும்தான் உள்ளன. ஜகரம் எங்கும் எழுதப்படவில்லை.

கரவெட்டியான்:

பொருநை அவர்கள் அடுத்த உயிரோடு ஒட்டும் இகர உகரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்னிருக்கும் உயிரோடு ஒட்டும் உகரமும் மெய்யாகலாம் என்பதற்குக் கிரேக்க மொழி மிகத் தெளிவான எடுத்துக்காட்டு.

பழங்கிரேக்கத்தில் ‘அஉ’, ‘எஉ’ என்ற கூட்டுயிர்கள் இருந்தன. இன்றைய கிரேக்கத்தில் எழுத்து அப்படியே இருக்கிறது. ஒலி மட்டும் ‘அவ்’, ‘எவ்’ ஆகிவிட்டது. அடுத்து வருவது ஒலிப்பில்லாத மெய்யாக இருந்தால் அந்த வகரமும் ஒலிப்பிழந்து ‘அஃப்’, ‘எஃப்’ என்று கேட்கும். நாளையைக் குறிக்கும் சொல் ‘அவ்ரியோ’. ‘தான், அவன்’ என்ற பொருளுடைய ‘அஉதோஸ்’ இன்று ‘அஃப்தோஸ்’. நம் தெருவில் ஓடும் ஆட்டோவின் பெயருக்கு மூலம் அந்த ‘அஉதோஸ்’தான், கிரேக்கத்திலோ மகிழுந்தை ‘அஃப்தோகீனிதோ’ என்கிறார்கள். அங்கே நன்றி சொல்லப் பயன்படும் ‘எஃப்ஹரிஸ்தோ’ என்பதும், கத்தோலிக்கர் நற்கருணையைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்லும் ‘யூக்கரிஸ்ட்’ என்பதும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பிந்தியதில் உகரம் உயிராகவே இருக்கிறது, முந்தியதில் இதழும் பல்லும் உரசும் மெய்யாகிவிட்டது.

கையில் யூரோத் தாள் உள்ளவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 2013 முதல் வெளிவரும் புதிய வரிசைத் தாள்களில் நாணயத்தின் பெயர் லத்தீன, கிரேக்க, சிரில்லிக் எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கிறது. லத்தீன எழுத்தில் இரண்டாவதாக நிற்பது உகர எழுத்து. கிரேக்கத்தில் நிற்பது முன்பு உயிராக இருந்து, இந்த இடத்தில் வகரமாக ஒலிக்கும் எழுத்து. பல்கேரியர்களுக்கான சிரில்லிக் வடிவத்திலோ வகர மெய்யே நேராக எழுதப்பட்டிருக்கிறது.

ஈழத்தில் ஜகரத்தைத் தவிர்ப்பதற்காக நாங்கள் யூன், யூலை, யப்பான் என்று எழுதுவோம். தமிழகத்து நண்பர்கள் சிலருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் யூலியுஸ் சீசர் தம் பெயரை யகரம் வைத்துத்தான் சொல்லியிருப்பார். பிற்காலத்துப் பிரெஞ்சு வாயில் இறுகி, ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்தது ஜகரம். எங்கள் எழுத்து முறையின் காரணம் வேறு என்றாலும், விளைவு உரோமரின் ஒலிப்போடு பொருந்திவிட்டது.

செங்காந்தள்:

இருவருக்கும் நன்றி. இகரம் யகரமாவதும் உகரம் வகரமாவதும் இப்போது விளங்குகின்றன. யகரம் ஜகரமாவதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இவை எல்லாம் உரசொலிகளோடு நிற்கின்றனவா, அல்லது க், ப் போன்ற முழு வல்லினம் வரை செல்லுமா? உகரத்திலிருந்து ககரம் பிறந்தது என்று ஓரிடத்தில் கண்டேன். அது எனக்குச் சற்றும் நம்பும்படியாக இல்லை.

ஏட்டுச்சுவடி:

நம்பலாம். உகரத்தைச் சொல்லும்போது இதழ்களை மட்டுமே நாம் கவனிக்கிறோம். அதே நேரத்தில் நாவின் பின்பகுதி மேலே எழுந்து, ககரம் பிறக்கும் இடத்தை நெருங்கி நிற்கிறது. ஆகவே உகரத்துக்கு இறுகுமிடங்கள் இரண்டு. இதழ் இறுகினால் வகரமும் பகரமும் தோன்றும். பின்நா இறுகினால் ககரம் தோன்றும்.

வேல்ஸ் மொழி லத்தீனத்திடமிருந்து திராட்சை மதுவின் பெயரை இதழ் குவிந்த வகரத்தோடு கடன் வாங்கியது. இன்று அது ‘க்வின்’ (ககரம் ஒலிப்புடையது). ஜெர்மானியரின் ‘வெர்ரா’ என்ற சொல் இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் போரைக் குறிக்கும் ‘குவெர்ரா’ ஆயிற்று. அரபியரின் ‘வாதி அல் கபீர்’, அதாவது பேராறு, ஸ்பெயினில் ‘குவாதல்கிவீர்’ ஆறாக ஓடுகிறது. இவற்றில் தொடக்கமே வகரம், உயிர் அன்று என்று நீங்கள் மறுக்கலாம். அப்படியானால் ஸ்பானிய முட்டையைப் பாருங்கள். லத்தீன ‘ஓவும்’ என்பதன் முதல் உயிர் ஸ்பானியத்தில் ‘உஎ’ என்று பிளந்தது. பிளவின் முதற்பாதி அசையிழந்து வகரமாகி, சொல் ‘வேவோ’ போல ஒலித்தது. பேச்சுவழக்கில் பலர் இதைக் ‘குவேவோ’ என்கிறார்கள். எலும்பைக் குறிக்கும் ‘உவேசோ’வும் அவ்வாறே ‘குவேசோ’ ஆகிறது. தொடக்கத்தில் வெறும் ஒகரம், முடிவில் ஒலிப்புடைய ககரம். அந்தச் சொற்களின் தலையில் ஒலிக்காத ஹகர எழுத்து ஒன்று நிற்பதற்கும் காரணம் உண்டு. உகரத்துக்கும் வகரத்துக்கும் ஒரே எழுத்து வழங்கிய காலத்தில், இதை வகரமாகப் படித்துவிடாதே என்று எச்சரிக்க வைத்த எழுத்து அது.

முட்டை என்றதும் ஆங்கிலத்தின் ‘எக்’ நினைவுக்கு வருகிறது. ஜெர்மன் மொழியில் முட்டை ‘ஐ’. மெய்யே இல்லாத சொல். பழைய ஆங்கிலத்திலும் அதற்கு இணையான, ககரமில்லாத வடிவமே இருந்தது. ஸ்காண்டிநேவியரின் நோர்ஸ் மொழியில் மட்டும் இரட்டித்த யகரம் இறுகி அழுத்தமான, ஒலிப்புடைய ககரமாயிற்று. அந்த நோர்ஸ் சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் குடியேறியது. 1490இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில், வணிகர் ஒருவர் ‘எக்ஸ்’ கேட்டபோது அந்த வீட்டுப் பெண், தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொன்னதையும், பழைய ஆங்கில வடிவத்தின் வழிவந்த ‘ஐரன்’ என்று கேட்ட பிறகே விளங்கியது என்பதையும் குறித்திருக்கிறார். பழைய ஜெர்மானிய மொழிகளுள் ஒன்றான கோதிக்கில் அதே இரட்டை யகரம் ககரமாகாமல் தகர வகை வல்லினமாக இறுகியது. ஹோல்ட்ஸ்மன் விதி என்று இதைச் சொல்வார்கள். சில சொற்களில் மட்டும் யகரமும் வகரமும் ஏன் இரட்டித்து இறுகின என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆனால் உங்கள் ஐயத்துக்கு மிகச் சிறந்த விடை பரோயே தீவுகளில் கிடைக்கும். ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடையில் உள்ள அந்தத் தீவுகளின் மொழியில், பழைய நெட்டுயிருக்கும் அடுத்த உயிருக்கும் இடையில் தோன்றிய யகரமும் வகரமும் வல்லினமாகவே இறுகிவிட்டன. பசுவைக் குறித்த ‘கூ’ என்ற சொல் அங்கே ‘கிக்வ்’ என ஒலிக்கிறது. கடலைக் குறித்த ‘ஷோர்’ போன்ற பழஞ்சொல் ‘ஷெக்வுர்’ ஆகியிருக்கிறது. தீவைக் குறித்த ‘எய்’ என்பது ‘ஒச்’. சகரம் நாம் ‘பச்சை’யில் சொல்வதைப் போல அழுத்தமானது. உயிரும் உயிரும் மயங்கும் இடத்தில் தோன்றிய மெய் என்பதால், இது நம்முடைய உடம்படுமெய் வல்லினமானது போன்றதே. ‘பூவில்’ என்பதை ‘பூக்வில்’ என்று சொல்லும் ஒரு தமிழைக் கற்பனை செய்து பார்த்தால் பரோயே மொழியின் நிலை விளங்கும்.

இதழ்ப்பக்கம் இறுகுவதற்கு அண்டை வீட்டிலேயே சான்று உண்டு. தமிழின் வில், வேர், வெள்ளி ஆகியவை கன்னடத்தில் பில்லு, பேரு, பெள்ளி.

பொருநை:

உடம்படுமெய்யைப் பற்றிய கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. அது உயிர் மெய்யாகத் திரிவதன்று. இரு உயிர்களுக்கு நடுவே புதிதாக ஒரு மெய் தோன்றுவது. வேறுபாட்டைக் காண அசைகளை எண்ணினால் போதும். மணி, அடி ஆகியவை சேர்ந்து ‘மணியடி’ ஆகும்போது, முன்பும் நான்கு அசை, பின்பும் நான்கு அசை. இகரம் தன் இடத்திலேயே இருக்க, யகரம் கூடுதலாக வந்தது. வடமொழியில் ‘இதி’, ‘ஆதி’ ஆகியவை சேர்ந்து ‘இத்யாதி’ ஆகும்போது நான்கு அசை மூன்றாகக் குறைகிறது. இகரம் போய் அதன் இடத்தில் யகரம் நிற்கிறது. பாணினியின் ‘இகோ யண் அசி’ என்ற நூற்பா இதைத்தான் விதிக்கிறது: உயிர் வந்தால் இ, உ, ரு, லு ஆகிய வடமொழி உயிர்களின் இடத்தில் முறையே ய், வ், ர், ல் வரும். ‘மனு அந்தரம்’ என்பது ‘மன்வந்தரம்’ ஆவதும் இவ்விதியால். எதிர்த்திசை மாற்றத்தையும் அவர் ‘சம்பிரசாரணம்’ என்று பெயரிட்டுச் சொல்லியிருக்கிறார். வாசகம் என்பதிலுள்ள வகரமே உக்தி என்பதில் உகரமாகிறது. சொப்பனமும் சுஷுப்தியும் ஒரே வேர்.

தமிழ் இந்த வழியை விரும்புவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. முற்றுகரம் நின்று வகரத்தை வரவழைக்கிறது, திருவருள் என்பதைப் போல. குற்றுகரமோ ‘மெய்விட்டு ஓடும்’ என்கிறது நன்னூல். அது வகரமாவதில்லை, இல்லாமலே போகிறது. வடமொழியில் யகரமாகிவிட்ட இகரத்தைக் கூட நாம் சத்தியம், பிரத்தியேகம் என்று மீண்டும் உயிராக்கிக்கொண்டோம்.

ஏட்டுச்சுவடி:

பொதுவாகச் சரி. ஆனால் ‘விரும்புவதில்லை’ என்று முடித்துவிட முடியாது. ஐகாரத்தை எண்ணிப் பாருங்கள். ‘அகர இகரம் ஐகாரம் ஆகும்’ என்று சொன்ன தொல்காப்பியர், அகரத்தின் பின் யகரப் புள்ளி வந்தாலும் அதே ஐகாரம் தோன்றும் என்கிறார். நன்னூலார் ஔகாரத்துக்கும் இதையே விரித்து, அகரத்தோடு உகரம் வந்தாலும் வகரம் வந்தாலும் ஔகாரத்தை ஒத்து இசைக்கும் என்றார். ஐயா, அய்யா என்பதிலும் ஔவை, அவ்வை என்பதிலும் எழுத்து வேறுபட்டாலும் ஒலி ஒன்றாக இருப்பதை அவர்கள் இருவரும் காதால் அறிந்திருக்கிறார்கள். கரவெட்டியான் காட்டிய கிரேக்கத்து ‘அவ்’வுக்கு இது முதற்படி.

ஐகாரத்தின் அந்த யகரக் கூறு பேச்சுத் தமிழில் அடுத்த மெய்யோடு கலந்தும் இருக்கிறது. ஐந்து, அஞ்சு, வைத்தான், வச்சான், காய்ந்தது, காஞ்சது. தகரம் பல்லிலிருந்து அண்ணத்துக்கு இழுக்கப்பட்டுச் சகரமாகிறது, இழுத்த யகரம் மறைந்துவிடுகிறது. லத்தீனத் தகரமும் இகரமும் கலந்து ‘நேஷன்’ பிறந்ததோடு இதை ஒப்பிடலாம். இது நேற்றைய கொச்சையும் அன்று. சம்பந்தர் தேவாரத்திலேயே ‘அஞ்செழுத்து’ வந்துவிட்டது.

லத்தீனக் கவிஞர்களின் ‘அப்-யெ-தெ’வுக்கு நேர் இணையும் நம்மிடம் உண்டு. ‘குழலினிது யாழினிது என்ப’ என்ற குறளைப் புணர்ச்சியோடு எழுதினால் ‘குழலினி தியாழினி தென்பதம் மக்கள்’ என்றாகும். ‘குழலினி’ கருவிளம், வெண்பாவில் அதற்கு அடுத்து நேரசை வர வேண்டும். ஆனால் ‘தியா’ என்பதை எண்ணினால் நிரையசையாகித் தளை தட்டும். அதனால் அந்தக் குற்றியலிகரம் அலகு பெறாது என்று விலக்கி, ‘யாழினி’ என்பதை மட்டும் அலகிடுகிறோம். அரை மாத்திரை என்பது மெய்க்குரிய அளவு, அசையும் எண்ணப்படுவதில்லை. வாயில் கேட்பது ஏறத்தாழ ‘த்யாழினி’.

பொருநை:

அந்தக் குறளை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அது முதற்படியோடு நின்றுவிட்டது. அந்த ‘த்யா’ எங்கும் ‘ச்சா’ ஆகவில்லை. ஐந்து, வைத்தான் ஆகியவற்றில் மெய் மாறியது என்றால், அங்கே யகரம் மெய்க்கு முன்னால் நிற்கிறது. லத்தீனத்தில் மெய்க்குப் பின்னால் வந்த யகரமே அதை மாற்றியது. தமிழில் முன்னால் நின்ற யகரமும் இகரமும் மட்டும் ஏன் இதைச் செய்தன என்பதற்குத் தனி இழை தொடங்கலாம்; ‘அடித்தான், அடிச்சான்’ என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினால் நல்லது.